திரும்பி வந்த லுகேமியா: ஒற்றை மருந்தா, கூட்டு மருந்தா, ஆய்வில் சேர்வதா?

அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு முதல் சுற்று சிகிச்சையை முடித்து, எலும்பு மஜ்ஜையில் நோய்ச் செல்கள் இல்லை என்ற செய்தியோடு வீடு திரும்பிய ஒருவருக்கு, சில மாதங்கள் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத நோய்ச் செல்கள் மறுபடியும் தென்பட்டால், முதல் முறை இருந்த தெளிவு இரண்டாம் முறை இருப்பதில்லை. முதல் முறை என்ன கொடுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இராது. ஏழு நாள் சைட்டரபினும் மூன்று நாள் டானோரூபிசினும் சேர்ந்த, 1973இல் வெளியான சிகிச்சைதான் உடல் தாங்கக்கூடியவர்களுக்கு இன்றைக்கும் அடித்தளம். நோய் திரும்பிய பிறகோ, ஒரே நோயாளிக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூத்த மருத்துவர்கள் இரண்டு வெவ்வேறு வழிகளைச் சொல்லக்கூடும். இருவர் சொல்வதற்கும் காரணம் இருக்கும். முடிவெடுக்கக் கிடைப்பது சில நாட்கள்தான்.

லுகேமியாவின் எல்லா வகைகளையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. லிம்ஃபோபிளாஸ்டிக் வகை திரும்பினால் வழிகள் வேறு, நாள்பட்ட லிம்ஃபாய்டு வகை மருந்துக்கு மசியாமல் போனால் வழிகள் வேறு. எனவே இங்கே ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறேன்: அக்யூட் மைலாய்டு லுகேமியா திரும்பியிருக்கிறது, அல்லது முதல் சிகிச்சைக்கே அடங்கவில்லை, கூடவே நோய்ச் செல்களில் எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவில் பிறழ்வு இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் இந்தப் பிறழ்வு காணப்படுகிறது. பழைய கீமோ, குறிவைத்துத் தாக்கும் ஒற்றை மாத்திரை, இரண்டையும் மூன்றையும் சேர்த்த கூட்டு மருந்து என்று எல்லா வழிகளும் இந்த நோயாளிகளிடம் எண்களோடு சோதிக்கப்பட்டிருக்கின்றன என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிலை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றை முதலிலேயே சொல்லியாக வேண்டும். முதல் முறை நோய் கண்டபோது எடுத்த மரபணு அறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை முடிவெடுக்கக் கூடாது. நோய் திரும்பும்போது திரும்புவது பெரும்பாலும் அதே செல் கூட்டம் அல்ல. அதில் தப்பிப் பிழைத்த ஒரு கிளைதான் வளர்ந்து வருகிறது. முதலில் இருந்த எஃப்.எல்.டி.3 பிறழ்வு இப்போது இல்லாமல் போயிருக்கலாம், முதலில் இல்லாதது புதிதாக வந்திருக்கலாம். ஆகவே மஜ்ஜையைத் திரும்ப எடுத்து இந்தப் பரிசோதனையை மறுபடி செய்யாமல் கீழே சொல்லும் எந்த வழியையும் ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

வழிகள் இவை. முதலாவது, ஃப்ளாக்-ஐடா போன்ற தீவிர கீமோ; ஃப்ளூடரபின், அதிக அளவு சைட்டரபின், ஐடரூபிசின் ஆகியவற்றோடு வெள்ளணு வளர்ச்சி ஊசியும் சேர்ந்தது. இரண்டாவது, கில்டெரிடினிப் என்ற மாத்திரை மட்டும். மூன்றாவது, கில்டெரிடினிப்போடு வெனெடோக்ளாக்ஸ் சேர்ந்த மாத்திரைக் கூட்டு. நான்காவது, ஃப்ளாக்-ஐடாவோடு வெனெடோக்ளாக்ஸ். ஐந்தாவது, நோயை முழுதாக அடக்க முயலாமலே நேராக மஜ்ஜை மாற்றுக்குப் போவது. மூன்றாவதும் நான்காவதும் மருத்துவ ஆய்வுகளிலிருந்து வந்தவை, அல்லது இன்னும் ஆய்வுகளுக்குள்ளேயே கிடைப்பவை. அவற்றைப் பற்றித்தான் குடும்பங்கள் அதிகம் கேட்கின்றன. அவற்றின் எண்கள்தான் அதிகம் தவறாகவும் வாசிக்கப்படுகின்றன.

மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஏன்

கூட்டு மருந்து என்ற எண்ணமே லுகேமியாவில் பிறந்ததுதான். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்ற ஒற்றை மருந்தைக் கொண்டு லுகேமியா வந்த 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்ததில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்றவர். தணிந்த நோய் எல்லாக் குழந்தைகளிடமும் மறுபடி தலைதூக்கியது. 1960களின் தொடக்கத்தில் பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் இருவரும், வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகிய நான்கையும் ஒரே குழந்தைக்கு ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார்கள். குழந்தைகளின் லுகேமியா குணப்படுத்தக்கூடிய நோயாக மாறியதற்கான பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவர்கள் அன்று வைத்துக்கொண்ட விதி எளிமையானது: தனித்தனியாகவும் வேலை செய்கிற மருந்துகளை மட்டும் சேர்க்க வேண்டும், ஒன்றின் பக்கவிளைவு மற்றொன்றின் பக்கவிளைவோடு மோதக் கூடாது. இன்றைய கூட்டு மருந்துகளை மதிப்பிடவும் இந்த விதியே போதும் என்று நினைக்கிறேன். அதன் இரண்டாம் பகுதிதான் இப்போதைய சேர்க்கைகளில் பெரும்பாலும் மீறப்படுகிறது.

கில்டெரிடினிப், வெனெடோக்ளாக்ஸ் இரண்டையும் சேர்ப்பதற்கு உயிரியல் காரணம் வலுவானது. செல்கள் தாமாகச் சாவதைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தை வெனெடோக்ளாக்ஸ் முடக்குகிறது. அந்தப் புரதம் செல்லைச் சாகவிடாமல் காக்கிறது என்பதை 1988இல் மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் கண்டறிந்தார்கள். பிசிஎல்-2 என்ற கதவை அடைத்தால் நோய்ச் செல் எம்சிஎல்-1 என்ற இன்னொரு புரதத்தின் வழியாகத் தப்புகிறது. எஃப்.எல்.டி.3 பிறழ்வு உள்ள செல்களில் அந்த இரண்டாம் கதவைத் திறந்து வைத்திருப்பதே எஃப்.எல்.டி.3 தரும் சமிக்ஞைதான். அதைக் கில்டெரிடினிப் நிறுத்தும்போது எம்சிஎல்-1 குறைகிறது. வெனெடோக்ளாக்ஸ் தனியாகச் செய்ய முடியாததை அப்போது செய்கிறது. காகிதத்தில் இதைவிட அழகான பொருத்தம் கிடைப்பது அரிது.

ஆனால் காகிதத்தில் அழகாக இருப்பது நோயாளியிடம் அப்படியே வரும் என்பதில்லை. இடசனட்லின் என்ற மருந்தைச் சைட்டரபினோடு சேர்த்துச் சோதித்த மிர்ராஸ் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டிபி53 என்ற காவல் மரபணு பழுதடையாத செல்களில் அதன் கட்டுகளை அவிழ்த்துவிட்டால் நோய்ச் செல் தானே சாகும், கீமோ அந்தச் சாவை விரைவுபடுத்தும் என்பது அதன் தர்க்கம். 447 பேரிடம் நடந்த அந்த மூன்றாம் கட்ட ஆய்வில் ஏதோ ஒரு வகையில் பலன் கண்டவர்கள் கூட்டு மருந்துப் பிரிவில் 38.8 விழுக்காடு, சைட்டரபின் மட்டும் பெற்ற பிரிவில் 22 விழுக்காடு. பலன் கூடியது என்று இதைச் சொல்லலாம். ஆனால் டிபி53 பழுதடையாதவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் கூட்டு மருந்துப் பிரிவில் 8.3 மாதம், மற்றதில் 9.1 மாதம். கூடுதல் மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. கடும் வயிற்றுப்போக்கைத்தான் கூட்டியது.

ஆய்வு முடிவில் எந்த எண்ணைப் பார்ப்பது

ஐந்து வழிகளில் மிக உறுதியான ஆதாரம் உள்ளது கில்டெரிடினிப் தனி மாத்திரைக்குத்தான். அட்மிரல் என்ற ஆய்வில் 371 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 247 பேருக்கு இந்த மாத்திரையையும் 124 பேருக்கு வழக்கமான கீமோவையும் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் மாத்திரைப் பிரிவில் 9.3 மாதம், கீமோ பிரிவில் 5.6 மாதம். முதல் 30 நாளுக்குள் இறந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 2 விழுக்காடு, கீமோ பிரிவில் ஏறத்தாழ 10 விழுக்காடு. மஜ்ஜை மாற்று வரை போனவர்கள் முறையே 25.5 விழுக்காடும் 15.3 விழுக்காடும். கீமோவைவிட மாத்திரை மேல் என்பதற்கு இந்த மூன்று எண்களும் ஒரே திசையில் சாட்சி சொல்கின்றன. எஃப்.எல்.டி.3 பிறழ்வு உறுதியான ஒருவருக்கு, அந்த மாத்திரை எட்டக்கூடியதாக இருந்தும் ஃப்ளாக்-ஐடாவை மட்டும் முதல் தேர்வாக வைப்பதற்கு எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை.

ஆனால் 9.3 மாதம் என்பது யாருக்கும் போதாது. கூட்டு மருந்தைத் தேடுவதற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது.

கில்டெரிடினிப்பையும் வெனெடோக்ளாக்ஸையும் சேர்த்த முதற்கட்ட ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. 61 பேர் சேர்ந்தனர். அவர்களில் 56 பேருக்கு எஃப்.எல்.டி.3 பிறழ்வு. 75 விழுக்காட்டினரிடம் பலன் என்பதுதான் அந்த ஆய்விலிருந்து எங்கும் மேற்கோள் காட்டப்படும் எண். அட்மிரல் ஆய்வில் முழு ரெமிஷனோடு ரத்த அணுக்கள் முழுமையாகவோ ஓரளவோ மீண்டவர்கள் 34 விழுக்காடு என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு மகனோ மகளோ, கூட்டு மருந்து இரு மடங்குக்கு மேல் வேலை செய்கிறது என்றுதான் முடிவுக்கு வருவார்கள். அந்த முடிவு தவறு. ஏன் தவறு என்பது இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமான இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முழு ரெமிஷன் என்றால் மூன்று நிபந்தனைகள்: மஜ்ஜையில் பிளாஸ்ட் செல்கள் 5 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும், தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000க்கு மேல் ஏற வேண்டும், பிளேட்லெட் 1,00,000ஐத் தாண்ட வேண்டும். நோய் போய்விட்டது, மஜ்ஜையும் தன் வேலைக்குத் திரும்பிவிட்டது என்பது இதன் பொருள். பிளேட்லெட்டோ நியூட்ரோபில்லோ மட்டும் ஏறாமல் நின்றால் அதற்கு வேறு பெயர். பிளாஸ்ட் குறைந்தும் எந்த அணுவுமே ஏறாமல் நின்றால் அதற்கு மூன்றாவது பெயர். லுகேமியா கண்ணுக்குத் தெரியாத நிலை என்று அதைச் சொல்லலாம். அந்த 75 விழுக்காடு என்பது இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியது. பிரித்துப் பார்த்தால் முழு ரெமிஷன் 18 விழுக்காடு. பிளேட்லெட் மட்டும் மீளாதவர்கள் 18. அணுக்கள் அரைகுறையாக மீண்டவர்கள் 4. எந்த அணுவும் மீளாதவர்கள் 36. மிகப் பெரிய பங்கு கடைசி வகைக்குத்தான்.

அட்மிரல் ஆய்வில் கில்டெரிடினிப் மட்டும் எடுத்தவர்களில் முழு ரெமிஷன் 21.1 விழுக்காடு. அரைகுறையாக அணுக்கள் மீண்டவர்களையும் சேர்த்தால், எந்த அணுவும் மீளாதவர்களைக் கணக்கில் எடுக்காமலே, 54.3 விழுக்காடு. அதே தலைப்பின் கீழ் கூட்டு மருந்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 40 விழுக்காடு. ஒரே அளவுகோலால் அளந்தால் கூட்டு மருந்து முன்னால் இல்லை.

ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்து கூட்டு மருந்து மோசம் என்று தீர்ப்புச் சொல்வதும் அதே அளவு தவறு. அட்மிரல் ஆய்வில் சேர்ந்தவர்களில் எஃப்.எல்.டி.3 தடுப்பு மருந்தை முன்பே எடுத்திருந்தவர்கள் எட்டில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். கூட்டு மருந்து ஆய்விலோ 64 விழுக்காட்டினர் அத்தகைய மருந்தை எடுத்து, அதையும் மீறி நோய் வளர்ந்தவர்கள். ஏற்கெனவே அந்த வகை மருந்து தோற்ற இடத்தில், மிகப் பலரிடம் பிளாஸ்ட் செல்களைத் துடைத்தெடுத்தது என்பது சிறிய செய்தி அல்ல. முன்பு அத்தகைய மருந்து எடுத்தவர்களிடமும் எடுக்காதவர்களிடமும் பலன் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 10 மாதம். கடினமான நோயாளிகளிடம் கிடைத்த 10 மாதமும், ஒப்பீட்டளவில் எளிதானவர்களிடம் கிடைத்த 9.3 மாதமும் நேருக்கு நேர் நிறுத்தக்கூடிய எண்கள் அல்ல. இரண்டு வெவ்வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் இந்த வழுக்கல் எப்போதும் உண்டு. ஒரே ஆய்வுக்குள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரண்டு குழுக்களின் எண்களில்தான் அது இல்லை.

பலன் கூடினால் ஆயுளும் கூடும் என்ற நம்பிக்கையையும் இந்த நோய் பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. மிர்ராஸ் ஒன்று. 2015இல் முடிவு வெளியான வேலர் ஆய்வில் 711 பேருக்குச் சைட்டரபினோடு வோசரோக்சின் என்ற மருந்தோ போலி மருந்தோ கொடுக்கப்பட்டது, முழு ரெமிஷன் 16 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது, ஆயுள் 6.1 மாதத்திலிருந்து 7.5 மாதத்துக்கு மட்டுமே நகர்ந்தது, அந்த வேறுபாடும் தற்செயல் அல்ல என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. ஐடிஎச்2 என்ற மரபணுவில் பிறழ்வு உள்ள முதியவர்களிடம் எனாசிடெனிப் மாத்திரையைச் சோதித்தபோது பலன் நான்கு மடங்கு கூடியது, ஆயுள் 6.5 மாதம், ஒப்பீட்டுக் குழுவில் 6.2 மாதம். எனவே ஓர் ஆய்வின் தலைப்பு எண்ணாகப் பலன் விழுக்காடு மட்டும் காட்டப்பட்டால், முழு ரெமிஷன் தனியாக எவ்வளவு, எத்தனை பேர் மஜ்ஜை மாற்று வரை போனார்கள், பாதிப் பேர் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்ற மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இந்த விழுக்காடுகளைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு கருத்தை ஹார்வர்டில் ஆடம் பால்மரும் பீட்டர் சோர்கரும் 2017இல் முன்வைத்தார்கள். இரண்டு மருந்துகள் சேர்ந்து பலன் கூடும்போது, அவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல நேரங்களில் உண்மை அதைவிட எளியது. ஒரு கணக்குக்காக, பத்தில் மூன்று பேருக்குக் கேட்கும் இரண்டு மருந்துகள் இருக்கின்றன, யாருக்கு எது கேட்கும் என்பது ஒன்றையொன்று சாராதது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் எல்லாருக்கும் கொடுத்தால், ஏதாவது ஒன்று கேட்கக்கூடியவர்கள் 51 விழுக்காடு. இதில் மருந்துகளுக்கு இடையே எந்தக் கூட்டுச் செயலும் இல்லை. ஒவ்வொருவரும் இரண்டு மருந்துகளின் சுமையைத் தாங்குகிறார்கள், ஒன்றின் பலனை மட்டும் பெறுகிறார்கள். எந்த மருந்து யாருக்கு என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த இரண்டாவது சுமை தேவையே இல்லை.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் நோயாளியின் செல்களை வெளியே எடுத்து, சோதனைத் தட்டில் பல மருந்துகளைத் தனியாகவும் சேர்த்தும் விட்டுப் பார்க்கும் முறை வளர்ந்து வருகிறது. ஹெல்சிங்கியில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். பிற சிகிச்சைகள் பலிக்காத 37 பேருக்கு இந்தச் சோதனையின்படி மருந்து தேர்ந்து கொடுத்ததில் 59 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்ததாக 2022இல் வெளியிட்டார்கள். நம் அருகிலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஆர்சனிக் மருந்துக்கு மசியாத ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா செல்கள் போர்டெசோமிப் சேரும்போது இறக்கின்றன என்பதை ஆய்வகத்தில் கண்டு, அதே சேர்க்கையை நோய் திரும்பியவர்களிடம் இரண்டாம் கட்ட ஆய்வாக நடத்தினார்கள். ஆய்வகத்திலிருந்து படுக்கை வரை ஒரே வளாகத்துக்குள் அந்தக் கேள்வி பயணித்ததை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் தட்டில் கிடைக்கும் விடையை இறுதி விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மஜ்ஜைக்குள் நோய்ச் செல்களைச் சுற்றி நின்று காக்கும் துணைச் செல்கள் தட்டில் இல்லை. மருந்து உடலுக்குள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும், ஆரோக்கியமான செல்கள் எவ்வளவு அடிபடும் என்பதும் அங்கே முழுமையாகத் தெரியாது.

உடல் தரும் விலை

இனி ஃப்ரையும் ஃப்ரைரைக்கும் சொன்ன விதியின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். கில்டெரிடினிப்பும் ரத்த அணுக்களைக் குறைக்கும், வெனெடோக்ளாக்ஸும் குறைக்கும். இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. மேற்சொன்ன ஆய்வில் ஐந்தில் நான்கு பேருக்குக் கடுமையான அணுக்குறைவு வந்தது. எந்த அணுவும் மீளாதவர்கள் 36 விழுக்காடு என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நோயாளிக்கு இதன் பொருள் தெளிவானது: நியூட்ரோபில் இல்லாத வாரங்கள் நீளும், காய்ச்சல் வந்தால் இரவோ பகலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும், பிளேட்லெட்டும் ரத்தமும் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டும் மாத்திரை தானே, வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, ரத்த வங்கி வசதியுள்ள மருத்துவமனையிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் இந்தக் கூட்டைத் தொடங்குவது ஆபத்து. அந்த நோயாளிக்குக் கில்டெரிடினிப் மட்டும் போதும் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

பூஞ்சைத் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் போசகோனசோல் போன்ற மருந்துகள் வெனெடோக்ளாக்ஸ் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கின்றன. வழக்கமாக நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கொடுக்கப்படும் மருந்தைப் போசகோனசோலோடு கொடுக்கும்போது 70 மில்லிகிராமுக்குக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் குறிப்பு. இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவே அலையும் குடும்பங்களில், ஓரிடத்தில் எழுதிய பூஞ்சை மருந்து மற்றோரிடத்துக்குத் தெரியாமல் போகும் வாய்ப்பு உண்மையானது. எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கில்டெரிடினிப் எடுப்பவருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், திடீரென எடை கூடுதல் மூன்றும் சேர்ந்து வந்தால் அது தொற்றாக மட்டும் இராது. நோய்ச் செல்கள் வேகமாக முதிர்வதால் வரும் சிக்கலாகவும் இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும்.

ஃப்ளாக்-ஐடாவோடு வெனெடோக்ளாக்ஸ் சேர்க்கும் நான்காவது வழி எல்லாவற்றிலும் கடுமையானது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் நடந்து 2021இல் முடிவு வெளியான ஆய்வில், நோய் திரும்பியவர்களிலும் மசியாதவர்களிலும் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் பலன் தெரிந்தது; ஏறத்தாழப் பாதிப் பேர் மஜ்ஜை மாற்று வரை சென்றார்கள். ஒரே மையத்தின் ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லை, நோய் திரும்பியவர்கள் 39 பேர் மட்டுமே என்ற மூன்றையும் நினைவில் வைத்தாலும், மாற்று வரை சென்ற அந்தப் பாதியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. தொற்றுகள் கடுமையாக இருந்ததால் ஆய்வின் நடுவிலேயே சைட்டரபின் அளவையும் வெனெடோக்ளாக்ஸ் நாட்களையும் குறைக்க வேண்டியிருந்தது என்பதும் அந்த ஆய்வே சொல்வதுதான். இந்த வழியைத் தேர்பவர் நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ இருந்து, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்து, நன்கொடையாளர் தயாராக இருந்தால் மட்டுமே கணக்கு சரிவரும். எழுபதைத் தாண்டியவருக்கு, நன்கொடையாளர் இல்லாதவருக்கு, இந்தக் கடுமையின் முடிவில் போய்ச் சேர இடம் இல்லை.

நேராக மாற்றுக்குப் போகும் ஐந்தாவது வழியைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஜெர்மனியில் 281 பேரிடம் நடந்த அசாப் ஆய்வு 2024இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முதலில் கடும் கீமோ கொடுத்து ரெமிஷன் வரவழைத்து, பிறகு மாற்று. இன்னொரு குழுவுக்கு நோயைக் கட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, கூடிய விரைவில் மாற்று. மாற்று முடிந்து 56 நாட்களுக்குப் பின் ரெமிஷனில் இருந்தவர்கள் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவு, எண்பது விழுக்காட்டைத் தாண்டியவர்கள். ஆயுளிலும் தெளிவான வேறுபாடு இல்லை. கடும் கீமோ இல்லாத குழு மருத்துவமனையில் கழித்த நாட்களும் கடும் பக்கவிளைவுகளும் குறைவு. நன்கொடையாளர் கையில் இருக்கும்போது, எந்தக் கூட்டு மருந்து என்று மாதக்கணக்கில் தேடுவதைவிட மாற்றின் தேதியை முன்னே இழுப்பது மேலாக இருக்கலாம் என்று இந்த ஆய்வு சொல்கிறது. நோய் மிக வேகமாக வளர்பவர்களுக்கும், அந்த அளவு அனுபவமுள்ள மாற்று மையம் அருகில் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தாது.

ஆய்வில் சேர்வது பற்றி

கூட்டு மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், அது எத்தனையாம் கட்டம் என்பதை முதலில் கேட்க வேண்டும். முதற்கட்டம் என்றால், எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்பதே அதன் முதல் கேள்வி. தொடக்கத்தில் சேர்பவருக்குக் குறைந்த அளவு கிடைக்கக்கூடும். இரண்டாம் கட்டம் என்றால் எல்லாருக்கும் அதே கூட்டு மருந்து. ஒப்பீடு பெரும்பாலும் இராது. மூன்றாம் கட்டம் என்றால் குலுக்கல். ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் என்ன மருந்து கிடைக்கும் என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் குழுவுக்குக் கில்டெரிடினிப் கிடைக்குமானால் குலுக்கலில் இழப்பு எதுவும் இல்லை என்றே சொல்வேன். பிறழ்வு உள்ளவருக்கு அதுவும் இல்லாமல் பழைய கீமோ மட்டும் கிடைக்குமானால், அந்த ஆய்வில் சேரும் முன் இரண்டாவது கருத்தைக் கேட்பது நல்லது. ஆய்வுக்காக எடுக்கும் கூடுதல் மஜ்ஜைப் பரிசோதனைகள் எத்தனை, பக்கவிளைவுக்கான சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், நடுவில் நன்கொடையாளர் கிடைத்தால் ஆய்விலிருந்து விலகி மாற்றுக்குப் போக முடியுமா என்பவற்றுக்கும் எழுத்தில் விடை வேண்டும். கடைசிக் கேள்விக்கு முடியாது என்று விடை வந்தால், ஐம்பது வயதுக்குட்பட்டவருக்கு அந்த ஆய்வை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்று சாத்தியமில்லாத முதியவருக்கு என் தேர்வு வரிசை வேறு. எஃப்.எல்.டி.3 தடுப்பு மருந்தை முன்பு எடுக்காதவர் என்றால் கில்டெரிடினிப் மட்டும்; பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம் என்பதால், முதல் மாதத்தில் மஜ்ஜை அசையவில்லை என்று மருந்தை மாற்றிவிடக் கூடாது. முன்பே எடுத்துத் தோற்றவர் என்றால், மருத்துவமனை அருகில் இருக்கும் நிலையில், மாத்திரைக் கூட்டை ஆய்வுக்குள் எடுப்பது. அந்தக் கூட்டைத் தொடங்கினால், வெனெடோக்ளாக்ஸை எத்தனை நாள் தொடர்வது என்பதை முதல் நாளிலேயே தீர்த்து வைக்க முடியாது. முதல் சுற்றின் மூன்றாம், நான்காம் வாரத்தில் மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, பிளாஸ்ட் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், அணுக்கள் ஏறும் வரை மருந்தை நிறுத்தி வைத்து, அடுத்த சுற்றில் நாட்களைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். அந்த மஜ்ஜைப் பரிசோதனையின் தேதியையும், அறிக்கை கிடைக்கும் வரை மாத்திரையைத் தொடர வேண்டுமா நிறுத்த வேண்டுமா என்பதையும், சிகிச்சை தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.